பழைய படங்களிலிருந்து ஒரு ரயில் ஊரைப் படிப்பது: பொன்மலையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ரயில்வேயால் உருவான ஊர்களுக்குப் பெரும்பாலும் எழுதப்பட்ட வரலாறு இருப்பதில்லை. இருப்பவை வீட்டு அலமாரியில் கிடக்கும் படங்கள்தான். அவற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் காரியம், படத்தைத் தூக்கிக்கொண்டு பெரியவர் ஒருவரிடம் ஓடுவது. அவர் ஓர் ஆண்டைச் சொல்கிறார். அதன் பிறகு அந்தப் படத்தை யாரும் பார்ப்பதே இல்லை, அந்த ஆண்டைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். முதலில் ஊரின் ஆண்டுகள், அடுத்துப் படத்தின் உடல், பிறகு படத்துக்குள் தெரிவது, கடைசியில்தான் மனிதர்களின் நினைவு. எடுத்துக்காட்டாகத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையை வைத்துக்கொள்கிறேன். போத்தனூர், ஜோலார்பேட்டை, விழுப்புரம், அரக்கோணம் என எந்த ரயில் ஊருக்கும் இதே முறை பொருந்தும். ஆண்டுகள் மட்டும் மாறும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கண்ணாடி, சமதள ஸ்கேனர், மென்மையான ஈயப் பென்சில், உலர்ந்த மெல்லிய தூரிகை, அமிலமற்ற தாள் உறைகள், ஒரு கோடு போட்ட நோட்டு. இவ்வளவு போதும். பந்துமுனைப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். படத்தின் பின்புறம் அதை வைத்து எழுதினால் முன்புறம் மேடு தட்டும், மையும் நாளடைவில் ஊறும்.

கைப்பேசி போதாதா என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் படத்தை வெளியே தராதபோது வேறு வழியில்லை. ஆனால் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினால் எழுத்துகள் மங்கிவிடும். நமக்கு வேண்டியதோ பின்னணிச் சுவரில் இருக்கும் எழுத்து.

2. ஊரின் ஆண்டுப் பட்டியலை முதலில் தயாரியுங்கள்

ஒரு படத்தைக்கூடத் தொடும் முன் ஒரு பக்கத்தில் ஊரின் ஆண்டுகளை எழுதிவையுங்கள். எது எப்போது முளைத்தது என்று தெரியாமல் படத்தைப் பார்த்தால் கண் எதிலும் நிற்காது.

பொன்மலைக்கு என் பட்டியல் இப்படித் தொடங்கும். நாகப்பட்டினம் - திருச்சி பாதை 1861-62இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. 1874இல் தென்னிந்திய ரயில்வே உருவானது. 1870களிலேயே இந்தப் பாதை, தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டராக உள்ள மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு வந்தது. 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானது. 1974 மே மாதம் நாடு தழுவிய வேலைநிறுத்தம். 1990களின் பிற்பகுதியில் மீண்டும் அகலப் பாதை.

இந்தப் பட்டியல் ஒன்றே பல பிழைகளைத் தடுக்கும். படத்தில் அகலப் பாதை தெரிந்தால் உடனே 'அண்மைக் காலம்' என்று எழுதுபவர்கள் உண்டு. இந்தத் தடத்தில் முதலில் வந்ததே அகலப் பாதைதான்.

3. படங்களைத் தேட வேண்டிய இடங்கள்

'ரயில் படம் இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லா வீட்டிலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். கேமரா வைத்திருந்தவர்கள் குறைவு. ரயில்வே இடங்களில் படம் எடுக்கத் தடையும் இருந்தது. ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'உங்கள் அப்பா ஓய்வு பெற்றபோது எடுத்த படம் இருக்கிறதா?' என்று கேளுங்கள்.

பிரிவு உபசார விழாக் குழுப்படம் இல்லாத ரயில்வே குடும்பம் அரிது. மாலையோடு நடுவில் ஒருவர், நாற்காலியில் அதிகாரிகள், பின்னால் வரிசை வரிசையாகச் சக தொழிலாளர்கள். அடுத்தது ஆயுத பூஜைப் படம்: வாழை கட்டி, சந்தனப் பொட்டு வைத்த இன்ஜின் அல்லது கடைசல் எந்திரத்தின் முன் ஒரு பிரிவே நிற்கும். அதில் மாதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். செப்டம்பர் அல்லது அக்டோபர். மூன்றாவது, குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த திருமணப் படங்கள். மணமக்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். ஓடு வேய்ந்த கூரை, மதில், தெருக்குழாய், தொலைவில் பணிமனைக் கூரை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

தொழிற்சங்க ஊர்வலம், கால்பந்து அணி, ரயில்வே பள்ளி ஆண்டு விழா, தேவாலயத் திருவிழா ஆகியவை அதற்குப் பின். நிறுவனங்களில் திருச்சி ரயில்வே அருங்காட்சியகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றை அணுகலாம். ஆனால் வீடுகளை முடித்துவிட்டுப் போங்கள். நிறுவனப் படங்களில் பெரும்பாலும் கட்டடமும் இன்ஜினும் இருக்கும், ஊர் இருக்காது.

4. தொடுவதும் பிரதி எடுப்பதும்

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, படத்தின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். எச்சில் தொட்டுத் துடைப்பது நம் வீடுகளில் பழக்கம். அதை முதலில் நிறுத்துங்கள். ஈரம் பட்டால் ஜெலட்டின் படலம் உப்பிக் கிளம்பிவிடும்.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். பிரித்தால் முகங்கள் கண்ணாடியில் தங்கிவிடும். நிழலான இடத்தில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாகவே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிசின் பூசிய அட்டையும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட 1970-80களின் ஆல்பங்களுக்கும் இதே விதிதான். பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள், உரிக்காதீர்கள்.

சாதாரணப் படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஏனென்றால் பழுப்பின் சாயல், கறை, மையின் நிறம் எல்லாம் சான்றுகள். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

ஓரத்தை வெட்டக் கூடாது. பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும். தானாகவே முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் பக்கமே போகாதீர்கள். அவை இல்லாத விவரத்தைக் கற்பனையாக வரைந்து வைக்கின்றன; மங்கலாகத் தெரிந்த இன்ஜின் எண்ணை வேறு எண்ணாக்கி விடுகின்றன.

5. படத்தை அல்ல, தாளைப் படியுங்கள்

படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் அது என்ன பொருள் என்று பாருங்கள். தாள் மெல்லியதாக, தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, வெளிச்சமான பகுதிகள் மஞ்சளாகி, கண்ணாடியில் பார்த்தால் காகித நாரே தெரிகிறது என்றால் அது முட்டை வெண்கருவில் செய்த ஆல்புமின் பிரதி. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. கருமையான இடங்களைச் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது ஜெலட்டின் பிரதி; 1890களுக்குப் பிந்தையது. முழுப்படமும் செம்மை ஏறிய வண்ணப் படம் பெரும்பாலும் 1960 முதல் 1980கள் வரையிலானது.

இதில் பயன் என்னவென்று கேட்கலாம். 'பொன்மலை ஒர்க்‌ஷாப், தாத்தா' என்று பின்னால் எழுதிய ஆல்புமின் படம் ஒன்று கிடைத்தால், அது பொன்மலையாக இருக்கவே முடியாது. அந்த வகைத் தாள் வழக்கொழிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் பொன்மலைப் பணிமனை வந்தது. முதலில் சந்தேகிக்க வேண்டியது நாகப்பட்டினத்தை. பணிமனை இடம் மாறியபோது குடும்பங்களும் மாறின. படங்களும் பெட்டியில் கூடவே வந்தன.

பின்பக்க ரப்பர் முத்திரையில் ஸ்டூடியோ முகவரி இருக்கும். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, அதாவது 620004 போன்ற எண், இருந்தால் அந்தப் பிரதி 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தையது அல்ல. 'மதராஸ் மாநிலம்' என்றிருந்தால் பெரும்பாலும் 1969க்கு முந்தையது. 'பிரதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1940இல் எடுத்த படத்தை 1975இல் மறுபடி அச்சடித்திருக்கலாம். தாளின் வயது வேறு, காட்சியின் வயது வேறு. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

6. யாரையும் கேட்கும் முன் எழுதுங்கள்

இந்த வேலை முழுவதும் இந்தப் படியில்தான் நிற்கிறது. புதியவர்கள் தாவிச் செல்வதும் இதைத்தான். படத்தை ஒன்பது கட்டங்களாக மனத்தில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தெரிவதை மட்டும் எழுதுங்கள். 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று எழுதாதீர்கள். 'வெள்ளைக் கோட்டு, தொப்பி அணிந்த ஆண், கையில் சுருட்டிய துணி' என்று எழுதுங்கள். பெயர் வைத்தவுடன் கண் தேடுவதை நிறுத்திவிடும்.

நடுவில் உள்ள மனிதர்களைக் கடைசியில் பாருங்கள். ஓரங்களில் தொடங்கி உள்ளே வாருங்கள். படம் எடுத்தவர் நடுப்பகுதியைத் தான் விரும்பியபடி அமைத்தார், ஓரத்தை அமைக்கவில்லை. கயிற்றில் காயும் துணி, சுவரில் பாதி கிழிந்த சுவரொட்டி, கம்பத்தில் எத்தனை கம்பிகள் என்பதெல்லாம் தற்செயலாக வந்து விழுந்தவை. அதனாலேயே நம்பத் தகுந்தவை.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். எழுத்து ஏதும் இல்லாத படத்தில் சட்டைப் பையையும் முந்தானையையும் பாருங்கள். ஒருவருக்குச் சட்டைப் பை (நமக்கல்ல, அவருக்கு) வலப்புறம் இருந்தால் தையல்காரர் பிழை என்று விடலாம். வரிசையில் நிற்கும் அத்தனை ஆண்களுக்கும் வலப்புறம் இருந்து, பெண்களின் முந்தானையும் வலத் தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் இடத்தைத் தேடினால் மலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே குழம்பிவிடும்.

7. காலத்தைக் கணிப்பது

ஒரு விதியை மனத்தில் வையுங்கள். பொருள்கள் ஒரு நாளில் தோன்றுகின்றன. ஒரு நாளில் மறைவதில்லை. ஆகவே 'இதற்கு முன் இருக்க முடியாது' என்பதை உறுதியாகச் சொல்லலாம். 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்பதைத் தயங்கித்தான் சொல்ல வேண்டும். பெட்டியில் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துகள் இருந்தால் 1951க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பெயிண்ட் அடுத்த பூச்சு வரை அங்கேயேதான் இருக்கும்.

இன்ஜினிலிருந்து தொடங்கலாம். டிரைவர் அறையின் பக்கவாட்டில் வகை எழுத்தும் எண்ணும் இருக்கும். ஒய்.பி., ஒய்.ஜி. என்ற மீட்டர் பாதை நீராவி இன்ஜின்கள் 1950ஐ ஒட்டி வரத் தொடங்கியவை. ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின் 1960களில் வந்தது. ஆனால் பொன்மலையில் ஓர் எச்சரிக்கை உண்டு. இது பழுதுபார்க்கும் இடம். பல ஊர் இன்ஜின்கள் இங்கே வந்து போகும். நீலகிரி மலைப்பாதையின் பல்சக்கர இன்ஜின் படத்தில் நிற்கிறது என்பதற்காக 'மேட்டுப்பாளையம்' என்று எழுதிவிடாதீர்கள். மராமத்துக்கு வந்ததாக இருக்கலாம்.

அடுத்து, தண்டவாளம். மீட்டர் பாதைக்கும் அகலப் பாதைக்கும் இடையே 676 மில்லிமீட்டர் வேறுபாடு. மேலே நிற்கும் மனிதரின் உயரத்தோடு ஒப்பிட்டால் ஓரளவு பிடிபடும். மீட்டர் பாதையின் குறுக்குக் கட்டை ஏறக்குறைய ஓர் ஆளின் உயரம். அகலப் பாதைக்கு ஒன்றரை ஆள். கான்கிரீட் கட்டைகள் தெரிந்தால் அண்மைப் பதிற்றாண்டுகளுக்கு வந்துவிட்டீர்கள்.

பெயர்ப்பலகை கிடைத்தால் அதில் நேரம் செலவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து உயரம் அடியிலா, மீட்டரிலா? மெட்ரிக் முறை 1950களின் இறுதியிலிருந்து படிப்படியாக வந்தது. மீட்டர் இருந்தால் அதற்குப் பின்தான். இந்தி வரி இருக்கிறதா, அதன் மேல் தார் பூச்சு இருக்கிறதா? ரயில் நிலையப் பலகைகளில் இந்தியை அழிக்கும் போராட்டத்தைப் பெரியார் 1952இல் தொடங்கினார். ஆனால் தார்ச்சட்டி அதற்குப் பிறகும் பலமுறை வெளியே வந்திருக்கிறது. ஆகையால் தாரை மட்டும் வைத்து ஆண்டு சொல்லக் கூடாது.

பொன்மலைக்கு ஒரு நல்வாய்ப்பு: ஊரின் பெயரிலேயே 'லை' இருக்கிறது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் 'லை' தும்பிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டது. கடைப் பலகையிலோ பள்ளிப் பலகையிலோ இப்போதைய வடிவம் இருந்தால், பெரும்பாலும் அந்த எழுத்து 1978க்குப் பிறகு தீட்டப்பட்டது. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், பெரியாரின் ஏடுகள் 1930களிலிருந்தே புது வடிவத்தைப் பயன்படுத்தின. இயக்கத்தவர் சுவர் எழுத்தில் அது முன்னரே வந்திருக்கலாம்.

சுவர் விளம்பரங்கள் இன்னும் நல்ல சாட்சி. காங்கிரஸின் இரட்டைக் காளை 1969 பிளவு வரை. பசுவும் கன்றும் 1971 முதல். கை 1978 முதல். இரட்டை இலை 1973க்கு முன் இல்லை. பேருந்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் என்றிருந்தால் 1972க்குப் பின். தீரன் சின்னமலை என்றிருந்தால் 1980களின் நடுப்பகுதிக்குப் பின், தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட 1997ஐ ஒட்டி முடியும்.

உடை, சிகையலங்காரம் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஓய்வு பெறும் வயதில் உள்ளவர் தன் இளமைக்கால உடையிலேயே நிற்பார். கூட்டத்தில் மிக இளையவரின் உடையைப் பாருங்கள். அகலக் கால்சட்டை, பெரிய காலர் எல்லாம் அவரிடம்தான் முதலில் வரும்.

குறைந்தது இரண்டு சான்றுகள் ஒன்றையொன்று சாராமல் ஒரே காலத்தைச் சொன்னால் மட்டும் எழுதுங்கள். அப்போதும் ஓர் ஆண்டை அல்ல, ஓர் இடைவெளியை எழுதுங்கள். '1958-66' என்பது '1962' என்பதைவிட நேர்மையானது.

8. கேமரா எங்கே நின்றது?

படத்தில் ஏதேனும் இரண்டு நிலையான உருவங்களைப் பிடியுங்கள். திருச்சியில் மலைக்கோட்டை, பொன்மலைக் குன்று, தேவாலயக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி. பொன்மலையிலிருந்து மலைக்கோட்டை வடமேற்கில் இருக்கிறது. படத்தில் அது தண்ணீர்த் தொட்டிக்கு இடப்புறம் தெரிகிறதா, வலப்புறமா என்று குறித்துக்கொண்டு, இன்றைய வரைபடத்தில் கோடு போட்டால் கேமரா நின்ற தெரு ஏறக்குறைய கிடைத்துவிடும். அந்த இடத்துக்கு நேரில் போய் நின்று பாருங்கள். மரங்கள் மறைத்தாலும் தரையின் ஏற்ற இறக்கம் மாறியிருக்காது.

நிழலை வைத்துத் திசை காண்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். அது நமக்கு ஆண்டு முழுவதும் பொருந்தாது. திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழும். மாதம் தெரியாத படத்தில் குட்டையான நிழலை நம்பித் திசை சொல்லாதீர்கள். காலை, மாலை நீள் நிழல்கள் கிழக்கு மேற்கைச் சொல்லும், அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

9. இப்போது பெரியவர்களிடம் செல்லுங்கள்

உங்கள் கணிப்பை உறையில் வைத்து மூடிவிட்டுப் போங்கள். 'இது 1965 தானே, ஐயா?' என்று கேட்டால் அவர் மரியாதைக்காகவே ஆமாம் என்பார். 'இந்தப் படத்தில் என்ன தெரிகிறது, ஐயா?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்வைக் கேளுங்கள். 'இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது உங்கள் மூத்த மகள் பிறந்துவிட்டாளா?' என்பதற்கு வரும் பதில் பிசகாது. படத்தில் முகங்களைச் சொல்லும்போது, ஒரு நகலின் மேல் எண்ணிட்டு, எண்ணுக்கு நேரே பெயரை எழுதுங்கள். 'இடமிருந்து வலம்' என்று எழுதினால் நம் இடமா, அவர்கள் இடமா என்ற சண்டை பின்னால் வரும்.

பெரிய நிகழ்வுகள் எல்லாப் படங்களையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதையும் அறிந்திருங்கள். பொன்மலையில் கொடி, கூட்டம், ஊர்வலம் எந்தப் படத்தில் இருந்தாலும் '1946' என்று சொல்லப்படும். துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஐந்து தொழிலாளர்களுக்கு அதன் பிறகு ஆண்டுதோறும் நினைவு நாள் நடக்கிறது. நம் கைக்கு வருபவை பெரும்பாலும் அந்த நினைவு நாள் படங்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒலிபெருக்கியையும் பதாகையின் எழுத்து வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அவர் சொல்வது உங்கள் கணிப்போடு மோதினால் எதையும் அடிக்காதீர்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். அடுத்த வீட்டில் கிடைக்கும் வேறொரு படம் தீர்ப்புச் சொல்லும்.

10. குறிப்பு எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

ஒவ்வொரு படத்துக்கும் கோப்புப் பெயர் ஒரே முறையில் இருக்கட்டும்: ஊர், வீட்டு எண்ணுக்குப் பதில் நீங்கள் வைத்த குடும்ப எண், படத்தின் வரிசை எண், முன் அல்லது பின். கோப்புப் பெயரில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஆண்டு நாளை திருத்தப்படும். கோப்புப் பெயர் அதற்குள் பலரிடம் போய்விட்டிருக்கும்.

குறிப்பில் நான்கு வரிகள் போதும். தெரிவது, கணித்தது, கணித்ததற்குச் சான்று, பிறர் சொன்னது. இவை கலக்கக் கூடாது. ஒரு மாதிரி:

'ஓடு வேய்ந்த வீட்டின் முன் திருமணக் குழு, 14 பேர். பின்னணியில் ரம்பப்பல் வடிவக் கூரை. காலம்: 1973-78, பெரும்பாலும். சான்று: இடச் சுவரில் இரட்டை இலை, வலக் கடைப் பலகையில் பழைய லை. இடம்: பணிமனைக்கு அருகிலுள்ள குவார்ட்டர்ஸ், தெரு உறுதியாகவில்லை. குடும்பத்தார் சொல்வது: 1969.'

மூலப் படங்களைக் கொடுத்த அன்றே திருப்பிக் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பெரிதாக அச்சடித்த ஒரு நகலையும், பின்பக்க ஸ்கேனையும், உங்கள் நான்கு வரிக் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், பெரும்பாலான வீடுகளில் பரணில் இருந்து இன்னொரு பெட்டி இறங்கும். வெளியிடும் எண்ணம் இருந்தால் படத்தில் உயிரோடு இருப்பவர்களிடமும் கேளுங்கள். திருமணப் படத்தில் ஊரின் வரலாறு இருக்கலாம். ஆனால் படம் அவர்களுடையது.